வக்கீலின் பதினொரு வருடங்கள்

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். பல் துலக்கி, முகம் கழுவி, மாடியிலிருந்து இறங்குகிறேன். பதினேழு படி. கீழே சலவைக்கடையின் பின்பக்கம். விளக்கைப் போட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து, பெரிய மெஷினில் விடுதிப் படுக்கை விரிப்புகளைத் திணிக்கிறேன். ஒரு தடவைக்குப் பதினான்கு. சோப்புத்தூள் மூன்று கரண்டி. கதவை அழுத்தி மூடினால் டக்கென்று ஒரு சத்தம். அது கேட்ட பிறகு டீ போடுவேன். டீ ஆறுவதற்குள் முந்தின நாள் வந்த துணிகளுக்கு எண் எழுத வேண்டும். சட்டைக்குக் காலரின் உட்பக்கம், கால்சட்டைக்கு இடுப்புப் பட்டையின் உட்பக்கம், அழியாத மையில். அது என் மனைவியின் வேலையாக இருந்தது. அவள் இறந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது என் வேலை.

எங்கள் கடையில் எண்கள் ஒன்று இரண்டு என்று போகாது. சுவரில் வரிசையாகக் கொக்கிகள் அடித்திருக்கிறோம், ஒவ்வொன்றிலும் ஒரு வாடிக்கை வீட்டின் துணிப்பை தொங்கும். முதல் கொக்கியின் எண் 450. அடுத்தது 1066. அதற்கடுத்தது 1558. புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆயிரத்துச் சொச்சம் வீடுகள் இந்தச் சின்னக் கடையிலா துவைக்கப் போடுகின்றன என்று கேட்பார்கள். மொத்தமே பதின்மூன்று வீடு. எண்கள் எல்லாம் ஆங்கில இலக்கியத்தின் காலங்கள் தொடங்கிய ஆண்டுகள்.

அவளுக்கு ஒரே ஒரு பேப்பர் அரியர். இளங்கலை ஆங்கிலத்தில் மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். கவிதையில் நல்ல மதிப்பெண். நாடகத்தில் அதைவிட. இலக்கிய வரலாறு மட்டும் கல்யாணத்துக்கு முன்பு இரண்டு தடவை போய்விட்டது. காலங்களின் பெயர் தெரியும், குணம் தெரியும். எது எப்போது தொடங்கியது, எதற்குப் பின் எது என்பதுதான் நிற்காது.

“எல்லாக் காலமும் எனக்கு ஒரே நேரத்துல நடக்குதுங்க. நான் என்ன பண்றது?” என்பாள்.

கொக்கி யோசனை என்னுடையது. நான் வேதியியல் படித்தவன். கறை எடுக்க அது உதவுகிறது, வேறு எதற்கும் உதவவில்லை. தினமும் நூறு துணியில் எழுதத்தான் போகிறாய், அதையே எழுதேன் என்றேன். யாருக்கு எந்தக் காலம் என்பதை அவள் பார்த்துக்கொண்டாள். மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்த்தாள்.

450 மீன் சந்தையில் தராசு பிடிக்கிறவர். ஆங்கிலத்தின் மிகப் பழைய பாட்டுகள் கடலும் குளிரும் சண்டையுமாக இருக்குமாம். “இவரு சட்டையப் பிரிச்சாலே கடல் வந்துரும். சண்டைக்கு அவரு சம்சாரம் இருக்காங்க” என்றாள். வெளியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கி, அவர்கள் பேச்சு உள்ளூர்ப் பேச்சோடு கலந்த ஆண்டு 1066. அதை விடுதிக்குக் கொடுத்தாள். எலிசபெத் காலம் ஆடை அலங்காரம் நிறைந்தது என்று நடன டீச்சருக்குப் போனது. அகஸ்டன் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு, அளவு. அது தலைமையாசிரியர். அவர் கால்சட்டை மடிப்பு ஸ்கேல் வைத்த மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். அதற்கடுத்த காலத்தில் எதற்கெடுத்தாலும் கண்ணீராம். வாரம் முப்பது கைக்குட்டை போடுகிற, எப்போதும் சளியோடே இருக்கிற ஒரு கிளார்க் அம்மா இருக்கிறார். அவருக்கு 1745. ரொமாண்டிக் காலம் செடி விற்கிற பையனுக்கு. அவன் முழங்காலில் எப்போதும் புல் கறை இருக்கும்.

ஜேக்கோபியன், 1603, இறைச்சிக் கடைக்காரர். அந்தக் கால நாடகங்களில் பழியும் கொலையும் அதிகம். போன வருடம் மூன்றாம் தடவையாகத் தேர்வு எழுதியபோது, ஜேக்கோபியன் காலத்தைப் பற்றிய விடையில், இரத்தத்தை உடனே பச்சைத் தண்ணீரில் கவனிக்காவிட்டால் அது எந்நாளும் போகாது என்று ஒரு வரி எழுதிவிட்டாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

“திருத்துறவரு என்னங்க நினைப்பாரு?”

“அவர் சட்டைய நம்ம கடைக்கு அனுப்புவார்.”

“வந்தா நம்பர் இல்லையே. எல்லாக் காலமும் தீந்துபோச்சே.”

முப்பத்தேழு வந்தது. நாற்பது வேண்டும். இரத்தக் கறைக்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. போனது வக்கீலால்.

வக்கீலின் எண் 1649. அந்த வருடம் இங்கிலாந்தில் அரசனின் தலையை எடுத்தார்கள். பிறகு பதினொரு வருடம் அரசன் இல்லை. நாடகக் கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன. கறுப்பு உடுப்பு, கடுத்த முகம், சிரித்தால் பாவம். எங்கள் வக்கீலும் அப்படித்தான். ஜோக் சொல்லும்போதுகூட அவர் முகம் சிரிக்காது. வாரம் ஐந்து கறுப்புக் கோட்டு போடுவார். 1660இல் அந்த அரசனின் மகன் திரும்பி வந்து அரசனாகிறான், கொட்டகைகள் திறக்கின்றன. அந்தக் கொக்கி பேண்டு மாஸ்டருக்கு. சிவப்புக் கோட்டு, பொன் பொத்தான். கறுப்பை அடுத்துச் சிவப்பு தொங்கியவரை அவளுக்குக் குழப்பமே வரவில்லை. தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் வக்கீல் வேறு பேட்டைக்கு வீடு மாறிப் போனார். கொக்கி காலியானது. அந்தக் காலமும் அவள் தலையிலிருந்து போய்விட்டது. 1625இல் சென்ட் போடுகிற முடிதிருத்துகிறவர், அப்புறம் நேராக 1660 பேண்டு மாஸ்டர். தேர்வில் அந்தப் பதினொரு வருடத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

“மனுஷன் பதினொரு வருஷத்தையும் மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிட்டாரு” என்றாள்.

வேறு யாருக்காவது அந்த எண்ணைக் கொடு என்றேன். மறுத்துவிட்டாள். “கறுப்புத் துணி வேற யாருகிட்ட இருக்கு? கண்டவங்களுக்குக் குடுத்தா அந்தக் காலத்து ஆளுங்க கோவிச்சுக்குவாங்க.” காலிக் கொக்கியை வைத்தே படித்தாள். இந்தத் தேர்வோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. விட்டால் மறுபடி எழுத முடியாது. மூன்று வருடப் படிப்பும் இல்லை என்றாகிவிடும்.

தேர்வு இன்று. பத்து மணிக்கு. ஹால் டிக்கெட் போன வாரம் தபாலில் வந்தது. கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன்.

எட்டு மணிக்கு இஸ்திரி அண்ணன் வந்தார். வந்ததும் பெட்டியைச் சூடாக்கி, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தெளித்துப் பார்ப்பார். அது அடங்குகிற சத்தத்தில் சூடு தெரிந்துவிடும் அவருக்கு. எட்டரைக்கு அத்தை மாடியிலிருந்து ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார். அவள் அம்மா. காரியம் முடிந்தும் ஊருக்குத் திரும்பவில்லை. எனக்குச் சமைத்துப் போடுகிறார். நான் சாப்பிடுகிறேனா என்று கதவோரம் நின்று பார்க்கிறார்.

“முட்டைய ஒதுக்குறீங்களே மாப்ள.”

“இல்ல அத்தை. சாப்புடுறேன்.”

“அவரு ஒதுக்கினா எங்கிட்டத் தள்ளுங்கம்மா” என்றார் இஸ்திரி அண்ணன்.

“உங்களுக்கு மூணு வச்சிருக்கேன் பெட்டிக்காரரே. மேல மூடி வச்சிருக்கு. பெட்டிய ஊதி அணைச்சுட்டு வாங்க.”

“ஊதி அணைக்க இது என்ன விளக்காம்மா? பிளக்கப் புடுங்கணும்.”

அத்தை சிரித்தார். ஆறு வாரத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் இரண்டாவது முறை. பிறகு என் பக்கம் திரும்பினார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

“சத்தமாவா கூப்பிட்டா?”

“இல்ல அத்தை. மெதுவாத்தான்.”

“அம்மான்னு.”

“ஆமா.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். அம்மா என்றாள் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. அது வந்துவிட்டது. அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அத்தை அதைச் சொல்கிறார். தூங்குமுன் தனக்கே சொல்லிக்கொள்வதும் சுவர் வழியாகக் கேட்கிறது. தினம் ஒரு தடவை என்னிடம் வந்து சரிபார்த்துக்கொள்கிறார்.

ஒன்பதரைக்கு வக்கீல் வந்தார்.

ஒரு பெரிய பையைக் கவுன்டரில் தொப்பென்று வைத்தார். அதே முகம்.

“போன எடத்துல தண்ணி சரியில்ல தம்பி. கோட்டெல்லாம் சாம்பலாப் போச்சு. ஜட்ஜ் என்னப் பாத்து, ‘என்ன, அரை துக்கமா’ன்னு கேக்குறாரு. அதான் பழைய வீட்டுக்கே வந்துட்டேன். பொம்பளப் பிள்ளைக மாதிரி அழுதுக்கிட்டேதான் திரும்ப அட்வான்ஸ் குடுத்தேன்.”

“வாங்க சார்.”

“என் நம்பர் இருக்கா, இல்ல யாருக்காச்சும் தள்ளி விட்டுட்டீங்களா?”

“இருக்கு சார்.”

“ஆயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்பது. எனக்கே மறக்கல பாரு. உள்ள வந்தாலே, ‘ராஜா தலைய வாங்கினவரு வந்துட்டாரு’ம்பாளே உன் சம்சாரம். எங்க ஆளக் காணோம்? பரீட்சை தேறிட்டாளா?”

இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அந்தச் சத்தம் கேட்டது.

“இல்ல சார்” என்றேன்.

“இன்னுமா இல்ல? எப்பத்தான் எழுதுவா?”

“இன்னைக்குத்தான் சார். பத்து மணிக்கு.”

“அட. அப்ப நல்ல நேரம் பாத்துத்தான் வந்திருக்கேன். என்னப் பத்தி நல்லா எழுதச் சொல்லு. பதினொரு வருஷம். ஒரு வருஷம் குறைஞ்சாலும் கேஸ் போட்டுருவேன்னு சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். அவர் போனார். இஸ்திரி அண்ணன் என்னைப் பார்க்காமல் கடையைவிட்டு வெளியே நடந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். தெருவின் அந்தப் பக்கம் வக்கீலைப் பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னார். வக்கீல் அங்கேயே நின்றார். ஒரு வண்டி அவரைச் சுற்றிப் போயிற்று. கடையை நோக்கி இரண்டு எட்டு எடுத்து வைத்தார். பிறகு நின்று, திரும்பிப் போய்விட்டார். அண்ணன் உடனே உள்ளே வரவில்லை.

அத்தை படியடியில் நின்றிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

“ஏன் மாப்ள அவருகிட்டச் சொல்லல?”

“வாய் வரல அத்தை.”

“ஆறு வாரமா யாரு கேட்டாலும் சொல்லிட்டுத்தான இருக்கீங்க. மரம் மாதிரி சொல்லுவீங்க. இவரு என்ன ஸ்பெஷலா?”

நான் பையைப் பிரித்தேன். எட்டுக் கோட்டு. காலருக்குள் வெள்ளைப் பட்டையில் எழுதிய பழைய எண்கள் அந்தத் தண்ணீரில் வெளுத்திருந்தன, அவள் கையெழுத்து. நாலின் வாலை நீட்டி விடுவாள். மேலே புதிதாக எழுத வேண்டும். பேனாவின் மூடியைத் திறந்தேன். ஒன்று எழுதினேன். ஆறு எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை. மை ஒரே இடத்தில் இறங்கி ஊறியது.

காலையில் துவைத்து உலர்த்தியில் போட்டிருந்த விடுதி விரிப்புகள் தயாராயிருந்தன. வெதுவெதுப்பு போகுமுன் மடித்தால் சுருக்கம் விழாது. பேனாவை மூடிவிட்டு ஒரு விரிப்பை எடுத்தேன். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். வழக்கமாக இஸ்திரி அண்ணன் பிடிப்பார். அவர் இன்னும் வெளியிலேயே இருந்தார். அத்தை வந்து எதிர்ப்பக்க முனைகளைப் பிடித்தார். அவருக்குப் பழக்கமில்லை. நான் வலப்பக்கம் மடித்தால் அவரும் தன் வலப்பக்கம் மடித்தார், விரிப்பு முறுக்கிக்கொண்டது. பிரித்துத் திரும்பப் பிடித்தோம்.

“அந்த நம்பர்ல என்ன மாப்ள இருக்கு?” என்றார். “உங்க கை ஏன் நின்னுச்சு?”

பெரிய மெஷின் அடுத்த தடவைத் துணியைப் பிழியத் தொடங்கியது. முதலில் ஒரு முனகல், பிறகு வேகம் ஏறி, சுவரே அதிரும். ஏழு நிமிடம் ஓடும். அதற்குள் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சத்தத்தில் பாதி கேட்காது.

“அன்னைக்கு இப்படித்தான் மடிச்சுட்டிருந்தோம் அத்தை. அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். காலங்களை வரிசையாச் சொல்லிட்டு வந்தா. கொக்கியப் பாக்காம. அதான் பந்தயம். நானூத்து அம்பதுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா, விரிப்புக்கு ஒண்ணு.”

“ம்.”

“முடிதிருத்துறவர் வரைக்கும் வந்துட்டா. அடுத்தது வக்கீல். அங்க நின்னுட்டா. எப்பவும் அங்கதான் நிப்பா.”

அத்தை முனைகளை விடவில்லை.

“கண்ணை மூடிக்கிட்டு அந்த மூட்டை மேல உக்காந்தா. சுவர்ல தலைய சாச்சுக்கிட்டா. விரிப்போட முனை ரெண்டும் கையிலயே இருந்துச்சு. ஞாபகப்படுத்துறான்னு நினைச்சேன். படிக்கும்போது அப்படித்தான் உக்காருவா. ரேடியோவுல விடுகதை போட்டா, விடை சொல்றதுக்குள்ள சத்தத்தைக் குறைச்சுட்டு இப்படித்தான் கண்ணை மூடுவா. நான் என் பக்கத்தை மடிச்சு வச்சேன். அடுத்த விரிப்பத் தனியா மடிச்சேன். அதுக்கடுத்ததையும். சிரிச்சுக்கிட்டே மடிச்சேன் அத்தை. இன்னைக்கும் பேண்டு மாஸ்டருக்குத்தான் போகப் போறான்னு நினைச்சுக்கிட்டேன். அப்பவும் மெஷின் இப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு.”

“எவ்வளவு நேரம்?”

“மெஷின் நிக்கிற வரைக்கும்.”

“எவ்வளவு நேரம் மாப்ள?”

“ஏழு நிமிஷம்.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டபோது, இப்பத்தான் என்று சொன்னேன். மூளையில் ஒரு இரத்தக் குழாய் வெடித்திருந்தது. இரண்டு நாள் கழித்து, சீக்கிரம் வந்திருந்தால் என்று நான் தொடங்கியபோது, பெரிய கசிவு, அதனால் ஒன்றும் மாறியிருக்காது என்றார். மாறியிருக்காது என்று அவர் சொன்னது, நான் இப்பத்தான் என்று சொன்னதை வைத்து. அதையும் அத்தையிடம் சொன்னேன்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. மறுபடி துவைக்க வேண்டியதுதான்.

“அப்ப அம்மான்னு கூப்பிடல” என்றார்.

“இல்ல அத்தை.”

“ஒரு தடவகூட.”

“இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். கணக்குச் சரி என்பதுபோல ஆட்டினார். பிறகு முகம் மாறியது. அந்த ஆறு வாரத்தில் அவர் என்மேல் கோபப்பட்டதில்லை.

“ஏழு நிமிஷம். ஏழு நிமிஷம் என்னய்யா பண்ணீங்க? பேச்சுக் குடுத்திருக்கலாம்ல? அந்த வக்கீல் பேரச் சொல்லியிருக்கலாம்ல? உங்களுக்குத்தான் விடை தெரியுமே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பதில் வரலையேன்னு திரும்பிப் பாத்திருப்பீங்க. அந்த எழவெடுத்த வருஷத்தச் சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? வாயில என்ன வச்சிருந்தீங்க?”

மெஷின் நின்றது. அதன் அதிர்வு தரையில் கொஞ்ச நேரம் இருந்து அடங்கியது. கடிகாரத்தில் பத்து அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள்.

வக்கீலின் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. ஆண்டு இருந்தது. காலத்தின் பெயர் இருந்தது. அன்றும் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். மூட்டை மேல் உட்காருமுன் அவள் என்னைப் பார்த்தாள். விரிப்பின் முனைகளைப் பிடித்தபடியே ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்.

“கடைசியா என்னதான் சொன்னா?” என்றார் அத்தை. கோபம் போய்விட்டிருந்தது. “பொய் வேணாம். அவ சொன்னத மட்டும் சொல்லுங்க.”

சொன்னேன்.

“இருங்க, சொல்லிராதீங்க. நானே சொல்றேன்.”